கசக்கிய தாளில் ஒரு மலைத்தொடர்: நீர்ப்பிடிப்புப் பகுதியை மாணவர்களுக்குக் கற்பிக்கும் முறை

நீர்ப்பிடிப்புப் பகுதி என்றதும் மாணவர்களுக்கு ஏரியோ அணையோதான் நினைவுக்கு வரும். ஓர் ஓடைக்கு மழைநீரை வடித்து அனுப்பும் நிலம் முழுவதும், கூரைகளும் விளையாட்டுத் திடலும் உட்பட, அந்த ஓடையின் நீர்ப்பிடிப்புப் பகுதிதான் என்பதைக் கையால் செய்து பார்த்தால் எளிதில் புரிந்துகொள்வார்கள்.

முதலில், நால்வருக்கு ஒரு கெட்டியான வெள்ளைத் தாள், ஒரு தட்டு, நீரில் கரையும் நீல ஸ்கெட்ச் பேனா, நீர் தெளிப்பான் ஆகியவற்றைக் கொடுங்கள். நான் முதன்முறை செய்தபோது அழியாத மையுள்ள பேனாக்களைக் கொடுத்துவிட்டேன். எவ்வளவு தெளித்தும் ஒரு கோடுகூடக் கலையவில்லை.

தாளை நன்றாகக் கசக்கிப் பாதியளவு மட்டும் விரித்து, ஓரங்களைத் தட்டில் ஒட்டச் செய்யுங்கள். மேடுகளின் உச்சி வழியாக நீலக் கோடு வரையட்டும். தெளிப்பதற்கு முன், நீர் எங்கே தேங்கும் என்று ஒவ்வொருவரும் பென்சிலால் குறிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் பாடம் வெறும் வேடிக்கையாகிவிடும். பிறகு மெல்லிய தூறலாகத் தெளிக்கச் சொல்லுங்கள். அதிகமானால் தாள் நைந்து அமர்ந்துவிடும். முகட்டில் விழுந்த நீர் மையைக் கரைத்துக்கொண்டு இரு சரிவுகளிலும் இறங்குவதையும், சிறு கீற்றுகள் ஒன்றுகூடிப் பள்ளத்தில் நீலக் குட்டையாவதையும் அருகிலிருந்து பார்க்கலாம். இரண்டு குட்டைகளுக்கு நடுவே நிற்கும் அந்த முகடே நீர் பிரியும் எல்லை. எல்லை எதுவென்று கேட்டால் பலர் ஓடையைக் காட்டுவார்கள். அப்போது அந்த முகட்டை விரலால் தடவிக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து, மூன்று 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்களின் பக்கவாட்டை வெட்டித் திறந்து படுக்கவைத்து, ஒரே மண்ணை ஒரே அளவில் நிரப்புங்கள். ஒன்றில் வெறும் மண், ஒன்றில் மண்மேல் சருகு, ஒன்றில் சில வாரங்களுக்கு முன்பே விதைத்து வேரூன்றிய புல். அடிப்பகுதியைச் சற்று உயர்த்தி, வாயின் கீழ் கண்ணாடிக் குவளை வைத்து, ஒவ்வொன்றிலும் அரை லிட்டர் நீரை ஒரே வேகத்தில் ஊற்றுங்கள். வெறும் மண்ணிலிருந்து வரும் நீரே பெரும்பாலும் மிகவும் கலங்கியிருக்கும். குவளைகளை அரைமணி நேரம் அசைக்காமல் வைத்து, அடியில் படியும் வண்டலை அளவுகோலால் அளக்கச் சொல்லுங்கள்.

கடைசியாகத் திடலுக்குச் செல்லுங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் நீர். 2,000 சதுர மீட்டர் திடலில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 20,000 லிட்டர். இக்கணக்கை மாணவர்களே போட்டபின், மழை ஓய்ந்த மறுநாள், ஈரத் தடங்களையும் மண் அரிப்பையும் பின்தொடர்ந்து, பள்ளி வளாகத்தின் முகடு எது, நீர் எந்த மூலையில் வெளியேறுகிறது என்று வரைபடத்தில் குறிக்கட்டும். வெள்ளம் ஓடும் ஓடையருகே மட்டும் அவர்களை அழைத்துச் செல்ல வேண்டாம்.