பழைய கம்ப்யூட்டர் கேமைத் தேடி எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பழைய கம்ப்யூட்டர் கேம் காணாமல் போகப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. கம்பெனி மூடும், கேசட்டில் பூஞ்சை பிடிக்கும், வீடு மாறும்போது அட்டைப்பெட்டி பழைய பேப்பர்காரரிடம் போய்விடும். அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வுப்படி, அந்த நாட்டில் 2010-க்கு முன் வந்த கேம்களில் 87 சதவீதத்தை இன்று காசு கொடுத்தாலும் கடையில் வாங்க முடியாது. விற்பனையில் இருந்து விழுந்ததை யாராவது தேடி எடுத்தால்தான் உண்டு.

பெங்களூரில் இந்த வேலையில் இறங்கும் நம்மவர்கள் பலர் அல்சூர், சிவாஜிநகர் பக்கம் வளர்ந்தவர்கள், இன்று ஐ.டி.யில் இருப்பவர்கள். சின்ன வயதில் ஆடிய கேமைத் தேடுகிறார்கள். ஆர்வத்தில் குறையே இல்லை. சிக்கல் வருவது கையில் கிடைத்த பிறகுதான். படிக்கும் அவசரத்தில் ஃப்ளாப்பி பாழாகிறது. அது தப்பினால், உரிமை யாருடையது என்று பார்க்காமலே ஊருக்கெல்லாம் விநியோகம் ஆகிறது. இந்த இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது, அதைச் சரிசெய்வதும் கடினம்.

நிஜமாகவே தொலைந்ததா?

"இது எங்கேயும் இல்லை" என்று அறிவிக்கும் முன் வேறு பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். எண்பதுகளின் பிரிட்டனில் ஒரு கேம் முழு விலைக்கு வந்து, சில காலம் கழித்து மலிவு விலை லேபிளில் வேறு அட்டையோடு திரும்ப வருவது வழக்கம். மோபிகேம்ஸ், ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டிங் போன்ற இணையப் பட்டியல்களில் தலைப்பை மட்டும் அடித்துப் பார்த்துவிட்டு நிறுத்தக்கூடாது. புரோகிராமர் பெயர், லோடிங் ஸ்கிரீனில் இருந்த எழுத்து, ஆண்டு என்று எல்லாப் பக்கமும் தேட வேண்டும்.

வராத கேமைத் தேடி அலைபவர்களும் உண்டு. பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் வந்தது என்பதாலேயே கேம் வந்தது என்று ஆகாது. லிவர்பூலின் இமேஜின் சாஃப்ட்வேர், பேண்டர்ஸ்னாட்ச் என்ற கேமைத் தடபுடலாக விளம்பரம் செய்தது. 1984-இல் கம்பெனியே திவாலானது, கேம் கடைக்கு வரவே இல்லை.

நம் நாட்டில் எந்த மெஷின் எப்போது புழங்கியது என்று தெரிந்தால் தேடல் பாதியாகச் சுருங்கும். பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்றுத்தர 1984-இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் போனது பிபிசி மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கம்ப்யூட்டர். சின்கிளேரின் ஸ்பெக்ட்ரம் பிளஸ் வீட்டுக் கம்ப்யூட்டரை உரிமம் பெற்று இங்கே 1988-இல் விற்றது டெசிபெல்ஸ் நிறுவனம். ஒருவர் "1986-ல ஸ்கூல் லேப்ல ஆடினேன்" என்றால் டாஸ் கேம் பட்டியலில் தேடுவதைவிட முதலில் பிபிசி மைக்ரோ பக்கம் போவது நல்லது.

பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் போய் "அண்ணா, பழைய கேம் இருக்கா?" என்று கேட்டால் "இல்லப்பா" என்றுதான் பதில் வரும். கடைக்காரர் பார்வையில் அது கேம் இல்லை, ஸ்கிராப். "மூடின கம்ப்யூட்டர் சென்டர்ல இருந்து வந்த ஃப்ளாப்பி, சிடி ஏதாவது மூட்டையா கெடக்கா?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் மாறும். கிடைத்த மூட்டையில் லேபிள் அழகாக இருப்பதை மட்டும் பொறுக்காதீர்கள். பேனாவால் கிறுக்கிய ஃப்ளாப்பியில்தான் பல சமயம் விஷயம் இருக்கும். டிஜிட், பிசிகுவெஸ்ட் பத்திரிகைகளோடு வந்த சிடிகளையும் ஒதுக்க வேண்டாம். எந்தக் கடை, எந்தத் தேதி, அதே பெட்டியில் வேறு என்ன இருந்தது என்று அங்கேயே எழுதி வையுங்கள். பின்னால் உரிமையாளரைத் தேடும்போது அந்தக் குறிப்புதான் வழிகாட்டும்.

டிரைவில் போடுவதற்கு முன்

அவசரப்பட்டு எஸ்.பி. ரோட்டிலேயே ஒரு பழைய பென்டியம் வாங்கி, விண்டோஸ் 98-இல் ஃப்ளாப்பியைப் போட்டுப் பார்க்கிறார்கள். "சும்மா படிச்சுத்தானே பாக்கறோம்" என்ற நினைப்பு. விண்டோஸ் 95, 98 இரண்டுமே, ரைட் புரொடெக்ட் செய்யாத ஃப்ளாப்பியைத் தொட்டதும் அதன் தொடக்கப் பகுதியான பூட் செக்டாரில் தன் அடையாளத்தை எழுதிவிடும். நீங்கள் ஒன்றும் செய்யாமலே ஒரிஜினல் மாறிப் போகும். அதனால் முதலில் பூட்டுங்கள். மூன்றரை இன்ச் ஃப்ளாப்பியின் மூலையில் உள்ள சின்னத் தகட்டை நகர்த்தி ஓட்டை திறந்திருக்கும்படி வைத்தால் பூட்டியதாக அர்த்தம். ஐந்தேகால் இன்ச்சில் இது தலைகீழ்: பக்கவாட்டு வெட்டை ஸ்டிக்கரால் மூடினால்தான் பூட்டு.

அப்புறம் பூஞ்சை. ஷட்டரை விலக்கி, தட்டை மெதுவாகச் சுழற்றி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளியோ மங்கலான படலமோ தெரிந்தால் டிரைவில் போடவே கூடாது. டிரைவின் படிக்கும் முனையான ஹெட்டில் ஒட்டுகிற அழுக்கு இந்த ஃப்ளாப்பியையும் கீறும், அடுத்து போடும் நல்ல ஃப்ளாப்பியையும் கீறும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்துவிட்டு அப்புறம் படிக்கலாம்.

சாதாரண காப்பி கட்டளை பல கேம்களுக்குப் போதாது. காப்பி எடுப்பதைத் தடுக்கவே வேண்டுமென்று விசித்திரமாக எழுதப்பட்ட செக்டார்கள் அவற்றில் இருக்கும், சாதாரண காப்பியில் அவை விட்டுப்போகும். கிரீஸ்வீசல், கிரையோஃப்ளக்ஸ் போன்ற சிறு போர்டுகள் காந்த மாற்றத்தையே அப்படியே பதிவு செய்பவை. அவற்றில் ஒன்றைப் பயன்படுத்துங்கள். கேசட் என்றால் 44.1 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைலாக, கேபிள் வழியாக எடுங்கள். எம்பி3 வேண்டாம், நாய்ஸ் ரிடக்‌ஷன் வேண்டாம், இரண்டு பக்கமும் எடுங்கள். தொண்ணூறுகளின் கேம் சிடி பலவற்றில் பாட்டு தனி ஆடியோ டிராக்காக இருக்கும். ஐஎஸ்ஓ-வாக மட்டும் எடுத்தால் கேம் வரும், பாட்டு வராது. ஆடியோ டிராக்கையும் சேர்த்து எடுக்கும் .bin, .cue ஃபைல் ஜோடியாக எடுக்க வேண்டும்.

தமிழ் சிடிகளுக்கென்று ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். யூனிகோட் பரவும் முன் வந்த குழந்தைகள் சிடி, வினாடி வினா சிடி போன்றவற்றில் எழுத்து டிஸ்கி, டாப், டாம் மாதிரியான குறியீடுகளிலோ கம்பெனியின் சொந்த எழுத்துருவிலோ இருக்கும். இன்றைய கம்ப்யூட்டரில் திறந்தால் குப்பையாகத் தெரியும். "கரப்ட் ஆயிடுச்சு" என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த எழுத்துருவைப் போட்டதும் தமிழ் வந்துவிடும். எழுத்துருக் கோப்பு பெரும்பாலும் அதே சிடியிலேயே இருக்கும், அதையும் சேர்த்து வையுங்கள்.

காகிதத்தை எறியவே கூடாது. 1984-இல் வந்த ஜெட் செட் வில்லி கேமைத் தொடங்க, கூடவே வந்த வண்ண அட்டையைப் பார்த்து நிறங்களை அழுத்த வேண்டும். அட்டை தொலைந்தால் ஒரிஜினல் கேசட் கையில் இருந்தும் ஆட முடியாது.

உரிமை யாரிடம்?

"கம்பெனி மூடியாச்சு, இனி யார் கேட்கப் போறாங்க" என்பதுதான் இந்த வட்டாரத்தில் அதிகம் காதில் விழும் பேச்சு. அபேண்டன்வேர், அதாவது கைவிடப்பட்ட மென்பொருள், என்று ஒரு பெயரும் வைத்துக்கொள்கிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. இந்தியாவின் 1957 காப்பிரைட் சட்டத்தில் கம்ப்யூட்டர் புரோகிராம் இலக்கியப் படைப்பாகக் கணக்கில் வருகிறது. எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை நிற்கும். பிரிட்டனில் 70 ஆண்டு. 1985-இல் 20 வயதில் கேம் எழுதியவருக்கு இன்று அறுபதைத் தாண்டியிருக்கும், அவ்வளவுதான். இன்னும் பல பத்தாண்டுகளுக்கு அந்த உரிமை முடியப் போவதில்லை.

மூடிய கம்பெனியின் சொத்து காற்றில் கரைவதும் இல்லை. பிரிட்டனில் ஒரு கம்பெனி கலைக்கப்பட்டால், யாருக்கும் மாற்றாமல் விட்ட சொத்து, காப்பிரைட் உட்பட, அரசுடைமைக்குப் போகிறது; போனா வேகன்ஷியா என்று அதற்குப் பெயர். அதைக் கவனிக்கத் தனிப் பிரிவே இருக்கிறது. வேறு சில சமயம் உரிமை யாரும் நினைத்துப் பார்க்காத இடத்தில் கிடக்கும். சிஸ்டம் ஷாக் 2 பல ஆண்டுகள் கடையில் இல்லை. நைட்டைவ் ஸ்டுடியோஸ் தேடிப் போனபோது உரிமை ஒரு அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் இருந்தது, பெயர் மீதான டிரேட்மார்க்கோ எலக்ட்ரானிக் ஆர்ட்ஸிடம். உரிமைச் சிக்கல் தீர்ந்த பிறகே 2013-இல் கேம் மீண்டும் விற்பனைக்கு வந்தது. அதே நிறுவனம் நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர் கேமுக்கும் முயன்றது. பல பெரிய கம்பெனிகளின் உரிமை அதில் பின்னிக் கிடந்ததால் நடக்கவில்லை.

ஆக, உரிமை யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற சங்கிலியைக் காகிதத்தில் வரையுங்கள். மைக்ரோபுரோஸ் கேம் என்றால்: 1993-இல் ஸ்பெக்ட்ரம் ஹோலோபைட், 1998-இல் ஹாஸ்ப்ரோ, 2001-இல் இன்ஃபோகிராம்ஸ். கம்பெனி கைமாறிய விதம் இது. ஒரு தனி கேம் இடையில் வேறு பக்கம் விற்கப்பட்டிருக்கலாம் என்பதால் ஒவ்வொரு கண்ணியிலும் "இந்தத் தலைப்பும் கூடவே போனதா?" என்று பார்க்க வேண்டும். சினிமா பெயரில் வந்த கேம் என்றால் பாத்திரத்தின் உரிமை ஸ்டுடியோவிடம் தனியாக இருக்கும். அட்டைப்படம் வரைந்தவர், இசை போட்டவர் விஷயமும் தனி.

இந்தியாவில் தயாரான கேம் என்றால் எழுதியவரிடம் சில கேள்விகளைத் தெளிவாகக் கேளுங்கள். "சம்பளத்துக்கு எழுதினீங்களா, வித்தீங்களா? பேப்பர் இருக்கா? எத்தனை வருஷத்துக்குன்னு போட்டிருந்தது?" சம்பளத்துக்கு எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். விற்றிருந்தால் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். காலம் குறிப்பிடாமல் விட்டிருந்தால் சட்டத்தின் 19-ஆம் பிரிவு அதை 5 ஆண்டுக்கான மாற்றமாகவே எடுத்துக்கொள்கிறது. அதாவது தொண்ணூறுகளில் கேமை விற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பவரிடமே இன்று உரிமை இருக்க வாய்ப்பு உண்டு. இதை ஒரு வக்கீலிடம் காட்டி உறுதி செய்துகொள்வது நல்லது.

தேடியும் ஆள் கிடைக்கவில்லை என்றால்? அப்போதும் நாமே முடிவெடுக்க முடியாது. 31A பிரிவில் அதற்கு வழி இருக்கிறது: பத்திரிகையில் அறிவிப்பு கொடுத்து, உரிமம் கேட்டு மனுப் போட வேண்டும். 2021 முதல் இது நீதிமன்றத்தின் வேலை. செலவும் அலைச்சலும் உண்டு. சட்டப்படி வாங்கிய கேமுக்கு பேக்கப் காப்பி எடுத்து உங்களிடமே வைத்துக்கொள்வதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மற்றவர்களுக்கு விநியோகிப்பது அதில் வராது.

கடிதம் எழுதும்போது

பப்ளிஷரின் கஸ்டமர் சப்போர்ட்டுக்கு "உங்கள் பழைய கேம்களை எல்லாம் இலவசமாகக் கொடுக்க அனுமதி தாருங்கள்" என்று எழுதினால் யாரும் பதில் போட மாட்டார்கள். போட்டாலும் "இல்லை" என்றுதான் வரும், ஏனென்றால் அதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு. ஒரே ஒரு கேமைப் பற்றி எழுதுங்கள். பெயர், மெஷின், ஆண்டு, அட்டையில் அச்சாகியிருக்கும் காப்பிரைட் வரியின் படம். உங்களிடம் இருப்பது ஒரிஜினலா, கிராக் செய்த காப்பியா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு வேண்டியதைப் படிப்படியாகக் கேளுங்கள்: பாதுகாப்பாக வைத்திருக்க மட்டும், ஆராய்ச்சியாளர்களுக்குக் காட்ட, இலவச டவுன்லோடுக்கு, பிரவுசரில் ஆட. ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று டிக் செய்கிற மாதிரி இருந்தால் மேலிடத்துக்கு அனுப்பவும் அவர்களுக்குச் சுலபம். பணம் வாங்க மாட்டோம், நீங்கள் சொன்னால் எடுத்துவிடுவோம் என்ற இரண்டு வரியும் அவசியம்.

நல்ல அனுமதி எப்படி இருக்கும் என்பதற்கு ஆம்ஸ்ட்ராட் 1999-இல் கொடுத்ததைப் பார்க்கலாம். 1986-இல் சின்கிளேரின் கம்ப்யூட்டர் வியாபாரத்தை வாங்கியதால் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டருக்குள் பதிந்திருந்த அடிப்படை மென்பொருளான ரோம் அவர்களுடையது. எமுலேட்டர் (பழைய மெஷினைப் போல இன்றைய கம்ப்யூட்டரை நடிக்க வைக்கும் மென்பொருள்) எழுதுபவர்கள் அதைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் காப்பிரைட் வரியை மாற்றக்கூடாது, உரிமை எங்களுடையதுதான் என்று தெளிவாகச் சொன்னார்கள். கொடுத்தது அனுமதி, உரிமை அவர்களிடமே நின்றது. பலர் இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல், அனுமதி வந்ததும் கேமைத் திருத்தி, தங்கள் பெயரைப் போட்டு வெளியிடுகிறார்கள். அனுமதித்தது எதுவோ அதை மட்டும் செய்ய வேண்டும்.

புரோகிராமர் மெசேஜில் "தாராளமா போடுங்க" என்றால் மகிழ்ச்சிதான். ஆனால் அவர் கேமை விற்றிருந்தால் அது போதாது. அவரிடம் கேட்க வேண்டியது ஒப்பந்த விவரம், பழைய நோட்டு, சோர்ஸ் கோட். அந்தக் கால புரோகிராமர்களுக்கு வயதாகிறது; பப்ளிஷர் பதிலுக்காகக் காத்திருக்காமல் அவர்களிடம் முதலில் பேசிவிடுங்கள்.

பதிலே வராவிட்டால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சில வாரம் விட்டு ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். மறுத்தால் கோபப்பட்டு அவர்கள் மெயிலைப் பொதுவில் போடுவது கூடவே கூடாது. அடுத்து கேட்கப் போகிறவருக்கும் கதவு அடைபடும். அல்டிமேட் நிறுவனத்தின் கேம்களுக்கு வேர்ல்ட் ஆஃப் ஸ்பெக்ட்ரம் இணையக் காப்பகத்தில் அனுமதி மறுக்கப்பட்டது, அங்கே அதை மதித்து எடுத்து வைத்தார்கள். அந்த கேம்களில் பலவற்றை, நைட் லோர், ஜெட்பேக் உட்பட, அல்டிமேட்டின் வாரிசான ரேர் நிறுவனமே 2015-இல் ரேர் ரீப்ளே தொகுப்பில் விற்றது. மறுப்பவருக்கும் ஒரு திட்டம் இருக்கலாம். நீங்கள் எடுத்த முழுப் பிரதியான இமேஜ் ஃபைலை இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள், ஃபைல் மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹேஷ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், கடிதப் போக்குவரத்தை அதே ஃபோல்டரில் போடுங்கள். கம்பெனி கைமாறிய செய்தி வந்தால் புது உரிமையாளருக்கு அதே கடிதத்தைத் தேதி மாற்றி அனுப்பலாம்.