ஏ.பி. ஓவிய வகுப்பு: நன்றாக வரையத் தெரிந்த மாணவர்களும் செய்யும் தவறுகள்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கல்லூரித் தரத்தில் நடத்தப்படும் ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) பாடங்களுள் ஒன்றான ஆர்ட் அண்ட் டிசைன் வகுப்பில் சேரும் மாணவர்கள் பலரும் நன்றாக வரையத் தெரிந்தவர்கள்; சில வேளைகளில் அந்தத் திறமையே அவர்களைத் தடுமாற வைக்கிறது. ‘அச்சு அசலாக இருக்கிறது’ என்ற பாராட்டைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, இந்த வகுப்பு எதிர்பார்ப்பது அதை மட்டுமல்ல என்பது பிடிபடவே சில மாதங்கள் ஆகிவிடும். டிராயிங், இருபரிமாணம், முப்பரிமாணம் ஆகிய மூன்றில் எதை எடுத்தாலும் எழுத்துத் தேர்வு கிடையாது. மே மாதத் தொடக்கத்தில், ஏ.பி. பாடங்களை நடத்தும் அமைப்பான காலேஜ் போர்டுக்கு அனுப்பும் போர்ட்ஃபோலியோவுக்கே (படைப்புத் தொகுப்புக்கே) 1 முதல் 5 வரை மதிப்பெண் தரப்படுகிறது. அதில் 60 விழுக்காடு ‘தொடர் ஆய்வு’ என்ற பகுதியின் 15 படங்களுக்கும், 40 விழுக்காடு மாணவர் தேர்ந்தெடுக்கும் 5 படைப்புகளுக்கும் உரியது. ஒரு கேள்வியை விடாமல் தேடிப்போவதற்கே பெரும்பங்கு என்பதால், கைத்திறனை மட்டும் நம்பி இறங்குவது முதல் தவறு.

அடுத்தது, கேள்விக்குப் பதிலாகத் தலைப்பை எடுத்துக்கொள்வது. ‘இயற்கை’, ‘உணர்ச்சிகள்’, ‘என் பண்பாடு’ என்று தொடங்கும் மாணவர் நான்கைந்து படங்களுக்குப் பிறகு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்பார். ஏனெனில் தலைப்பு எதையும் கேட்பதில்லை. ‘ஒரு கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அறைக்குள் இருப்பவரின் தனிமை எப்படி மாறித் தெரிகிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். கரியால் தாளை முழுக்கக் கறுப்பாக்கி, ரப்பரால் அழித்து வெளிச்சத்தை எடுக்கலாம் என்ற வழி தோன்றும். அது போதாதபோது தாளையே வெட்டித் திறக்கலாம் என்று தோன்றும். கையாளும் ஊடகமும் செய்முறையும் எண்ணமும் இவ்வாறு ஒன்றையொன்று இழுத்துச் செல்வதைத்தான் மதிப்பிடுபவர்கள் தேடுகிறார்கள். கேள்வி நடுவழியில் மாறினாலும் குற்றமில்லை. மாறியதற்கான காரணம் வேலையில் தெரிய வேண்டும்.

15 என்ற எண்ணைத் தவறாகப் புரிந்துகொள்வதால் வரும் இழப்பே எனக்கு அதிகம் வருத்தம் தருவது. பதினைந்தும் முடிந்த படங்களாக இருக்க வேண்டும் என்று எண்ணி, ஒரே மாதிரியான படங்களை ஏப்ரலில் இரவு பகலாக வரைந்து தள்ளுகிறார்கள். முன்வரைவுகள், பாதியில் நின்ற நிலை, நெருக்கத்தில் எடுத்த விவரம் ஆகியவற்றையும் அந்தப் பதினைந்தில் சேர்க்கலாம். பயிற்சி, பரிசோதனை, திருத்தம் ஆகிய மூன்றுக்கும் சான்று கேட்கப்படுகிறது. தோற்றுப்போன முயற்சியைக் கிழித்து எறியும் மாணவர் கையில் இருந்த சான்றைத் தாமே அழிக்கிறார். ஆனால் இடத்தை நிரப்புவதற்காக ஒரே படத்தின் மூலைகளை நறுக்கி அனுப்புவது வேறு, அது உதவாது.

முன்பு படித்த அண்ணன், அக்காமார் சொல்லும் யோசனையைச் சரிபார்க்காமல் பின்பற்றுவதும் ஆபத்தானது. 2019-20 கல்வியாண்டுக்கு முன் போர்ட்ஃபோலியோவில் மூன்று பகுதிகள் இருந்தன. பலவகைத் திறமைகளைக் காட்டும் தனிப் பகுதியும் அவற்றில் ஒன்று. இன்று அந்தப் பகுதி இல்லை. ‘எல்லா ஊடகத்திலும் ஒவ்வொன்று செய்து வை’ என்ற பழைய அறிவுரை இப்போது தேடலைச் சிதறடித்துவிடும்.

இணையத்தில் கிடைத்த நடிகரின் புகைப்படத்தைப் பென்சிலில் அப்படியே எடுத்து வைப்பது எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் ஏற்கப்படாது. பிறர் படைப்பைப் பயன்படுத்தினால், வெறும் நகலைத் தாண்டி அதை வெகுதூரம் வளர்த்திருக்க வேண்டும். மூலத்தையும் குறிப்பிட வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு வேலையின் எந்தக் கட்டத்திலும் அனுமதி இல்லை. யோசனைக்காக மட்டும் அவற்றை நாடினேன் என்ற விளக்கமும் செல்லாது.

படங்களுடன் செல்லும் எழுத்துக் குறிப்பை கடைசி இரவுக்குத் தள்ளிவைக்கக் கூடாது. அங்கு அழகு நடை தேவையில்லை; என்ன கேட்டீர்கள், எதைச் செய்து பார்த்தீர்கள், எங்கே மாற்றினீர்கள் என்று நேராக எழுதினால் போதும். அதில் சொல்வது படங்களிலும் தெரிய வேண்டும்.

புகைப்படம் எடுப்பதிலும் அக்கறை தேவை. ஃபிளாஷ் போட்டால் எண்ணெய் வண்ணத்திலும் அழுத்தி வரைந்த பென்சில் கோட்டிலும் பளபளப்பு விழுந்து, மாணவர் செய்த நிற வேறுபாடு மறைந்துவிடும். மேகமூட்டமான பகலில், தாளுக்கு நேர் எதிரே கேமராவை வைத்து எடுப்பது நல்லது. அதைவிட முக்கியமாக, அடுத்த அடுக்கு வண்ணத்தைப் பூசுமுன் எடுத்துவிட வேண்டும். அடியில் இருந்த முதல் முயற்சி அதன்பின் யாருக்கும் தெரியப்போவதில்லை.