திருவிழா ஜெனரேட்டரில் பிளக் கழலாமல் இருக்க: நீங்களே செய்யும் ஒரு பூட்டுச் சட்டம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட ஆலயங்களில் திருவிழா என்றால், பந்தல் விளக்கும் ஒலிபெருக்கியும் பெரும்பாலும் ஜெனரேட்டரை நம்பித்தான் இருக்கின்றன. இரவுச் சந்தைக் கடைகளிலும் இதே நிலைதான். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு வரிசை விளக்குகள் மட்டும் அணைந்தால், பல நேரங்களில் காரணம் ஒரு பிளக். இயந்திரத்தின் அதிர்வும் தொங்கும் வயரின் எடையும் சேர்ந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்திருக்கும். ஆலயத்தில் மின்வேலைக்கு உதவ முன்வரும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு தகடுகள், நான்கு நைலான் போல்ட்டுகள், கொஞ்சம் பிவிசி குழாய் இருந்தால் போதும்; எக்ஸ்டென்ஷன் வயரின் சாக்கெட்டும் அதில் செருகிய பிளக்கும் பிரியாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு சட்டத்தை நீங்களே செய்யலாம்.

பிளக் முழுதாக விழுவதைவிடப் பாதியில் நிற்பதே ஆபத்து

பிளக் விழுந்தால் விளக்கு அணையும், அவ்வளவுதான். பாதி கழன்று நிற்கும் பிளக்கில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் முள்ளும் சாக்கெட்டுக்குள் உள்ள பித்தளைப் பிடியும் சிறு பரப்பில்தான் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த இடத்தின் மின்தடை 0.1 ஓம் ஆக உயர்ந்து, அதில் 13 ஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். 13 × 13 × 0.1 = 16.9 வாட். ஒரு சிறிய சால்டரிங் அயனின் வெப்பம் அது. மூடிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் வெளியேற வழியில்லாமல் தங்குகிறது. வெப்பம் பித்தளைப் பிடியின் இறுக்கத்தைக் குறைக்கும், பிடி தளர்ந்தால் தடை இன்னும் கூடும், தடை கூடினால் வெப்பமும் கூடும்.

ஆகவே சட்டத்தைச் செய்யும் முன்பே ஒன்றை மனத்தில் வையுங்கள். பழுதான சாக்கெட்டைப் பூட்டுவது, பூட்டாமல் விடுவதைவிட மோசம். தளர்ந்த சாக்கெட்டிலிருந்து பிளக் தானாக விழுவது ஓர் எச்சரிக்கை. பூட்டு அந்த எச்சரிக்கையைத் தடுத்துவிடும், உள்ளே கருகுவது வெளியே தெரியாது. பூட்டின் வேலை இழுவிசையைத் தாங்குவது மட்டுமே. மின்தொடர்பை இறுக்கமாக வைத்திருப்பது சாக்கெட்டின் வேலை, அதைப் பூட்டிடம் ஒப்படைக்க முடியாது.

முதல் படி: சாக்கெட் தகுதியானதா என்று பாருங்கள்

எல்லா இணைப்பையும் துண்டித்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு பிளக்கைப் புது சாக்கெட் ஒன்றில் செருகி இழுத்துப் பாருங்கள். பிறகு அதே பிளக்கை உங்கள் எக்ஸ்டென்ஷன் சாக்கெட்டில் செருகி இழுங்கள். எளிதாக வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தச் சாக்கெட்டைக் குப்பையில் போடுங்கள். துளைகளைச் சுற்றிப் பழுப்பு நிறம், முள்ளில் கருமை, மீன் வாடை போன்ற ஒரு நாற்றம் இவற்றில் எது இருந்தாலும் அதே தீர்ப்புதான். புது சாக்கெட் வாங்கும்போது தரச் சான்று தரும் சிரிம் நிறுவனத்தின் முத்திரையும், எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவின் அனுமதியும் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

பிளக்கைத் திறந்து துளையிடுவது, முள்ளை வளைப்பது, கூட்டில் திருகாணி ஏற்றுவது எதுவும் வேண்டாம். அனுமதி பெற்ற வடிவம் அனுமதி பெற்றபடியே இருக்கட்டும். நாம் செய்யப்போவது முழுக்க வெளியிலிருந்து பிடிக்கும் சட்டம்.

இரண்டாம் படி: நம் பிளக்கின் உடலமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

மலேசியாவில் நாம் பயன்படுத்தும் மூன்று பட்டை முள் பிளக், பிரிட்டனின் பிஎஸ் 1363 என்ற தரத்திலிருந்து வந்தது. அதன் மூன்று குணங்கள் நம் வடிவமைப்பைத் தீர்மானிக்கின்றன.

முதலாவது, வயர் வெளியேறும் திசை. முட்கள் முன்னோக்கி நீள்கின்றன, வயரோ அடிப்பக்க விளிம்பு வழியாக, முட்களுக்குச் செங்குத்தாக இறங்குகிறது. சுவரில் உள்ள சாக்கெட்டுக்கு இது அருமையான ஏற்பாடு, ஏனென்றால் வயரை இழுத்தால் பிளக் எளிதில் கழலாது. தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷனிலோ ஜெனரேட்டர் பலகையிலோ வயரின் எடை பிளக்கின் ஒரு விளிம்பை நெம்பித் திறக்கிறது. பிளக் நேராக வெளியே வராமல், ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே வருகிறது. முதுகை மட்டும் பிடிக்கும் பட்டையோ ரப்பரோ இதைத் தடுக்காது என்பதற்குக் காரணம் இதுதான். பூட்டு பிளக்கின் முதுகைப் பிடிக்க வேண்டும், பக்கவாட்டு அசைவையும் நிறுத்த வேண்டும், வயரின் இழுவிசை பிளக்கைச் சேரும் முன்பே அதை வாங்கிக்கொள்ளவும் வேண்டும்.

இரண்டாவது, முட்களின் நீளம். மின்சாரம் வரும் இரண்டு முட்களும் ஏறத்தாழ 17.7 மி.மீ., பூமி முள் ஏறத்தாழ 22.7 மி.மீ. நீளமான பூமி முள் முதலில் நுழைந்து உள்ளே இருக்கும் மறைப்பைத் திறக்கிறது, வெளியேறும்போது கடைசியாக விடுபடுகிறது. இந்த வரிசையை எந்தப் பூட்டும் குலைக்கக் கூடாது.

மூன்றாவது, சிறிய முட்களின் அடிப்பகுதியில் உள்ள கறுப்புக் காப்புறை. பாதி கழன்ற பிளக்கில் விரல் படக்கூடிய இடத்தை அது மூடுகிறது. அந்த உறை உருகியோ உரிந்தோ இருந்தால் பிளக்கை மாற்றிவிடுங்கள்.

மூன்றாம் படி: பொருள்களைத் தேர்ந்தெடுங்கள்

தகட்டுக்கு 5 மி.மீ. கனமுள்ள கெட்டியான பாலிகார்பனேட் சிறந்தது. விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் வெட்டி எஞ்சிய துண்டுகள் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள். கூரைக்குப் போடும் உள்ளீடற்ற வகை வேண்டாம். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் அக்ரிலிக் தகடு துளையிடும்போதே விரிசல் விடும், தீப்பற்றினால் எரிந்துகொண்டே போகும், ஆகையால் அதையும் தவிர்த்துவிடுங்கள். மரப்பலகையும் வேண்டாம், அது ஈரத்தைக் குடிக்கும். முப்பரிமாண அச்சில் செய்ய விரும்புகிறவர்கள் பிஎல்ஏ இழையை மட்டும் பயன்படுத்தாதீர்கள். அது 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்குகிறது. நம் ஊர் வெயிலில் நிறுத்திய காருக்குள்ளேயே வளைந்துவிடும்.

போல்ட்டும் சிறகு நட்டும் எம்6 அளவில், நைலானில் வாங்குங்கள். வயரின் தோல் வெட்டுப்பட்டால், சட்டத்தில் உள்ள உலோகம் முழுவதும் மின்சாரம் பாயும் இடமாகிவிடக்கூடும். அதனால்தான் இரும்பு போல்ட் வேண்டாம் என்கிறேன். இவற்றுடன் வயரிங் வேலைக்குப் போடும் 20 மி.மீ. பிவிசி குழாய்த் துண்டு ஒன்று, கறுப்பு நிறக் கேபிள் டை, பழைய சைக்கிள் டியூப் கொஞ்சம்.

நான்காம் படி: அளந்து அட்டையில் வரையுங்கள்

பிளக்கைச் சாக்கெட்டில் கடைசிவரை செருகுங்கள். பிளக்கின் முதுகிலிருந்து சாக்கெட்டின் முதுகு வரை உள்ள மொத்தக் கனத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஓர் எண்ணில்தான் பூட்டின் வெற்றி இருக்கிறது. இதனுடன் அரை மில்லிமீட்டர் கூட்டினால் கிடைப்பது இடைக்குழாயின் நீளம். கனம் 58 மி.மீ. என்றால் குழாய் 58.5 மி.மீ.

இடைக்குழாய் எதற்கு? நான்கு போல்ட்டுகளும் இந்தக் குழாய்த் துண்டுகளுக்குள் ஓடும். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் தகடுகள் குழாயில் முட்டி நின்றுவிடும், பிளக்கை நசுக்காது. நசுக்கப்பட்ட பிளக்கின் கூடு விரியும், உள்ளே வயரின் இணைப்பு நெகிழும். அரை மில்லிமீட்டர் அசைவு மட்டும் இருந்தால், 17.7 மி.மீ. முள்ளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இப்போது இணைந்த பிளக்கை அட்டையின் மேல் வைத்துச் சுற்றிலும் கோடு வரையுங்கள். நான்கு குழாய்களும் பிளக்கின் பக்கங்களை ஒட்டி நிற்கும்படி இடம் குறியுங்கள். பக்கவாட்டுச் சாய்வைத் தடுப்பவை இவைதான். வயர் வெளியேறும் பக்கங்களில் குழாய் குறுக்கே வரக் கூடாது. சாக்கெட்டின் வயர் எந்தப் பக்கம் போகிறது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், ஆகவே உங்கள் கையில் உள்ளதைப் பார்த்தே வரையுங்கள். பிளக்கின் வயருக்குப் பிளக் பக்கத் தகட்டிலும், சாக்கெட்டின் வயருக்குச் சாக்கெட் பக்கத் தகட்டிலும் 70 மி.மீ. நீளத்துக்கு ஒரு நாக்கு நீட்டிக்கொள்ளுங்கள். அட்டை மாதிரியை வெட்டிப் பொருத்திப் பார்த்த பிறகே தகட்டைத் தொடுங்கள்.

ஐந்தாம் படி: வெட்டித் துளையிடுங்கள்

மெல்லிய பல் வாளால் வெட்டி, விளிம்புகளை அரத்தால் மழுக்குங்கள். துளை 6.5 மி.மீ., விளிம்பிலிருந்து குறைந்தது 12 மி.மீ. உள்ளே. துரப்பணத்தை மெதுவான வேகத்தில் ஓட்டுங்கள், வேகம் கூடினால் பாலிகார்பனேட் உருகிச் சுற்றிக்கொள்ளும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இதைச் செய்ய வேண்டாம். ஒவ்வொரு நாக்கிலும் கேபிள் டை நுழைய 30 மி.மீ. இடைவெளியில் இரண்டு ஜோடித் துளைகள் போடுங்கள்.

ஆறாம் படி: பொருத்துங்கள்

இணைந்த பிளக்கை இரண்டு தகடுகளுக்கு நடுவில் வைத்து, குழாய்களை நிறுத்தி, போல்ட்டுகளைச் செருகி, சிறகு நட்டுகளை விரலால் இறுக்குங்கள். ஜெனரேட்டரின் அதிர்வு நட்டையும் கழற்றும், எனவே நட்டுக்கும் தகட்டுக்கும் இடையில் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையம் ஒன்று போடுங்கள். பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். டேப்பால் சுற்றி மூடினால் வெப்பம் உள்ளே தங்கும், பழுப்பு நிறம் தெரியவும் வழி இருக்காது.

அடுத்து வயர். நாக்கின் மேல் டியூப் துண்டை விரித்து, வயரை வைத்து, இரண்டு கேபிள் டையால் கட்டுங்கள். நாக்குக்கும் பிளக்குக்கும் இடையில் வயர் சிறிது தளர்வாக வளைந்திருக்க வேண்டும். அந்தத் தளர்வு இருந்தால்தான் இழுவிசை தகட்டோடு நின்றுவிடும், பிளக்கின் உள்ளே போகாது. கடைசியாகச் சட்டத்தை ஒரு கயிற்றால் பந்தல் காலிலோ ஜெனரேட்டரின் சட்டத்திலோ கட்டித் தொங்கவிடுங்கள். தரையில் கிடக்க வேண்டாம், தண்ணீர் தேங்கும்.

ஏழாம் படி: சோதியுங்கள்

முதல் சோதனை மின்சாரம் இல்லாமல். பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். சாக்கெட் பக்கத் தகட்டை உயரத்தில் கட்டிவிட்டு, பிளக்கின் வயரில் 5 கிலோ அரிசிப் பொட்டலத்தை ஒரு நிமிடம் தொங்கவிடுங்கள். கோடு விலகக் கூடாது, பிளக்கின் வாயில் வயரின் தோல் நகரவும் கூடாது.

இரண்டாவது சோதனை வெப்பத்துக்கு. அதிக மின்சாரம் இழுக்கும் ஒரு கருவியை, உதாரணத்துக்கு 2000 வாட் சூடேற்றியை, அரை மணி நேரம் ஓடவிடுங்கள். 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 8.7 ஆம்பியர் எடுக்கும். சுவிட்சை அணைத்து, மறுமுனை பிளக்கையும் சுவரிலிருந்து எடுத்த பிறகு தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் சாக்கெட் தேறவில்லை என்று பொருள்; சட்டத்தைப் பிரித்து, புது சாக்கெட் போட்டு மறுபடி சோதியுங்கள்.

எங்கே இதைப் பூட்டக் கூடாது

கையில் பிடித்து நகரும் கருவிகளுக்கு வேண்டாம். புல்வெட்டியோ துரப்பணமோ வயரை இழுத்துக்கொண்டு போகும்போது பிளக் கழல்வதே நல்லது. ஆள் நடக்கும் பாதையில் கிடக்கும் வயருக்கும் வேண்டாம். காவடி எடுப்பவர் தடுக்கினால் வயர் விட்டுக்கொடுக்க வேண்டும், அவர் விழக் கூடாது. அந்த வயரை மேலே தூக்கிக் கட்டுவதே சரியான வழி. எங்கே பூட்டினாலும், ஓடிச்சென்று அணைக்கக்கூடிய தூரத்தில் ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும். அவசரத்தில் பிளக்கைப் பிடுங்கும் வழியை நீங்கள் அடைத்துவிட்டீர்கள் அல்லவா?

மழை படும் இடத்துக்கு இந்தச் சட்டம் போதவே போதாது. அங்கே ஐஇசி 60309 தரத்தில் வரும் நீல நிறத் தொழிற்சாலை பிளக் போடுங்கள், 16 ஆம்பியர் வகை. அதன் சாக்கெட்டில் ஸ்பிரிங் வைத்த மூடி இருக்கிறது; பிளக்கைச் செருகியதும் மூடியின் கொக்கி பிளக்கின் மேலுள்ள புடைப்பில் மாட்டிக்கொள்ளும். மூடியைக் கையால் தூக்கினால்தான் பிளக் வெளியே வரும். நான் பார்த்த பூட்டுகளிலேயே மிக எளிமையானதும் அழகானதும் இதுதான், ஏனென்றால் மழையைத் தடுக்கும் மூடியே பூட்டாகவும் இருக்கிறது. நீலம் 230 வோல்ட்டுக்கு, சிவப்பு 400 வோல்ட்டுக்கு. முட்களின் எண்ணிக்கையோ பூமி முள்ளின் இடமோ மாறுவதால் ஒன்று மற்றொன்றில் நுழையாது. ஐபி44 குறியுள்ளது தெறிக்கும் நீரைத் தாங்கும். இன்னும் வலுவாக வேண்டுமானால் ஐபி67, அதில் வளையத்தைத் திருகிப் பூட்டுவார்கள்.

மேடை ஒலி, ஒளி அமைப்பாளர்கள் நியூட்ரிக் பவர்கான் என்ற திருகிப் பூட்டும் பிளக் கொண்டுவருவார்கள். பழைய நீல நிற வகையை மின்சாரம் ஓடும்போது கழற்றக் கூடாது, பிரியும்போது எழும் தீப்பொறியைத் தாங்கும்படி அது செய்யப்படவில்லை. ட்ரூ1 என்ற பிந்தைய வகையை அப்படிக் கழற்றலாம். நம் சட்டத்தைப் பொறுத்தவரை விதி ஒன்றுதான்: முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும், பிறகு நட்டைக் கழற்ற வேண்டும். இதைத் தகட்டின் மேல் தமிழிலும் மலாயிலும் எழுதி, பக்கத்தில் சுவிட்ச் படம் ஒன்றும் வரையுங்கள். பந்தல் வேலைக்கு வரும் வங்காளதேச, நேபாள நண்பர்களுக்கும் புரிய வேண்டும்.

ஜெனரேட்டர் பக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி, இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தாலும், சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரலும் பூமியும் இணைக்கப்படாமல் இருக்கும், அந்நிலையில் ஆர்சிசிபி எதிர்பார்த்தபடி துண்டிக்காமல் போகலாம். அதைச் சரிபார்ப்பது தொடக்கநிலையாளரின் வேலை இல்லை. பதிவு பெற்ற வயர்மேனை அழைத்துத் திருவிழாவுக்கு முன்பே பார்க்கச் சொல்லுங்கள்.

திருவிழா முடிந்ததும் சட்டத்தைப் பிரித்து, முட்களைத் துடைத்து, தகட்டில் துளைகளைச் சுற்றி விரிசல் உண்டா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கேபிள் டையையும் நைலான் நட்டையும் ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக மாற்றுங்கள், வெயிலில் அவை சத்தமில்லாமல் முறுகிவிடும். சாக்கெட்டை மாற்றினால் கனத்தை மறுபடி அளந்து, குழாயையும் புதிதாக வெட்டுங்கள்.