களிம்புக்குக் காரணம் பக்கத்து வளையல்

பெட்டியில் வைத்திருக்கும் பழைய ஃபேஷன் நகைகளில் பச்சைக் களிம்பு ஏறிக்கொண்டே இருந்தது. பித்தளை ப்ரோச்சுகளை (உடையில் குத்திக்கொள்ளும் நகைகள்), கல் பதித்த இடத்தில் படாமல், வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து உலர்த்தி வைப்பேன். கொஞ்ச நாளில் திரும்பவும் பச்சை. ஈரம்தான் என்று சிலிக்கா ஜெல் போட்டேன். வேகம் குறைந்தது, நிற்கவில்லை. உள்துணியை மாற்றியும் பலனில்லை.

அப்புறம்தான் கவனித்தேன்: களிம்பு எல்லா நகையிலும் இல்லை. தந்த நிற வளையல் ஒன்றுக்கு அருகில் இருந்தவற்றில் மட்டும், அதுவும் அதை ஒட்டிய பக்கத்தில். வளையலில் மெல்லிய விரிசல்கள். வெந்நீரில் லேசாகக் காட்டி முகர்ந்தால் கற்பூர வாசனை. செல்லுலாய்டு! நைட்ரோசெல்லுலோஸோடு கற்பூரம் சேர்த்துச் செய்த பிளாஸ்டிக். அது சிதையும்போது வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, செம்பு கலந்த உலோகத்தை அரிக்கும். எந்த பிளாஸ்டிக் என்று அறிய சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனை மட்டும் வேண்டவே வேண்டாம், தீப்பிடித்துவிடும்.

வளையலை அமிலமில்லாத தாளில் சுற்றி, குளிர்ச்சியான, காற்றோட்டமுள்ள இடத்தில் தனியே வைத்தேன். இறுக மூடிய டப்பா கூடாது. வாயு உள்ளேயே தங்கிச் சிதைவை வேகப்படுத்தும். ப்ரோச்சுகளை இன்னொரு முறை துடைத்தேன். அதன்பின் பச்சை எட்டிப் பார்க்கவில்லை. பெரிய நிம்மதி.