வீட்டு அட்வான்ஸ் காசு பாங்கில மாறிப் போனா

கிளிநொச்சியில வாடகை வீடு விட்டு வெளிக்கிடேக்க ஓனர் அண்ணை அட்வான்ஸ் 60,000ஐயும் பாங்கில போட்டிட்டார், ஆனா எனக்கு வரேல்ல. முதல்ல அவரோட சண்டைக்குப் போகாதேங்கோ, அவர் போட்ட ஸ்லிப்பை வாங்கி உங்கட பாஸ்புக்கோட வச்சு ஒவ்வொரு நம்பரா வடிவாப் பாருங்கோ. என்ர எக்கவுண்ட் நம்பரில ஒரு இடத்தில அவர் சரியா 9 எண்டுதான் எழுதியிருந்தவர், கவுண்டரில இருந்த பிள்ளை 6 எண்டு அடிச்சிட்டுது, காசு ஆரோ முன்பின் தெரியாத ஆளின்ர எக்கவுண்டுக்குப் போயிட்டுது.

காசு போட்டவர்தான் முறைப்பாடு குடுக்கவேணும், அதால அவரையும் கூட்டிக்கொண்டு காசு போட்ட கிளைக்கே போங்கோ. வாயால சொல்லிப்போட்டு வந்தா ஒண்டும் நடக்காது, நான் ரெண்டு கிழமை அப்பிடித்தான் அலைஞ்சனான், முல்லைத்தீவில இருந்து பஸ் ஏறி வாற சனத்துக்கு அது எவ்வளவு கஷ்டம்! தமிழிலயே கடிதம் எழுதுங்கோ: திகதி, தொகை, சரியான நம்பர், பிழையா அடிச்ச நம்பர். ஸ்லிப் போட்டோக்கொப்பியை இணைச்சு, உங்கட கொப்பியில சீலும் திகதியும் கட்டாயம் வாங்குங்கோ. மற்ற ஆள் காசை எடுக்கமுதல் மறிக்கச் சொல்லி மனேஜரிட்ட அண்டைக்கே கேளுங்கோ.

பாங்க் இழுத்தடிச்சா மத்திய வங்கியின்ர 1935 எண்ட நம்பருக்கு கோல் எடுங்கோ, அந்தச் சீல் வச்ச கொப்பி கையில இருக்கட்டும்.