வாஷிங் மெஷினில் வெந்நீரும் நீராவியும்: எந்தத் துணிக்கு எது?

புது மெஷினில் 30, 40, 60, 90 என்று எண்கள் இருக்கும்; தண்ணீர் எத்தனை டிகிரி செல்சியஸ் சூடாக வேண்டும் என்பதுதான் அது. பலரும் ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டு அப்புறம் அதைத் தொடுவதே இல்லை. உள்ளே நடப்பது தெரிந்துவிட்டால், எந்தச் சுமைக்கு எந்த எண் என்று நீங்களே முடிவு செய்யலாம்.

முன்பக்கக் கதவுள்ள மெஷினில், சுழலும் டிரம்மைச் சுற்றி ஒரு வெளித்தொட்டி உண்டு. அதன் அடியில் ஹீட்டர் கம்பி இருக்கும், பெரும்பாலும் 2000 வாட் அளவில். குழாயிலிருந்து பச்சைத் தண்ணீர்தான் வருகிறது; அதைக் கம்பி மெல்ல மெல்லச் சூடாக்குகிறது. இந்த 'மெல்ல' முக்கியம். சோப்புத்தூளில் உள்ள நொதிகள் மிதமான சூட்டில்தான் நன்றாக வேலை செய்யும். சூடு ஏறுவதற்குள் அவற்றுக்கு நேரம் கிடைத்துவிடுகிறது.

படி 1: கறையைப் பாருங்கள்
ரத்தம், முட்டை, பால் எல்லாம் புரதக் கறைகள். வெந்நீர் பட்டால் வெள்ளைக்கரு வேகிற மாதிரி நூலிலேயே உறைந்துவிடும். மூக்கிலிருந்து ரத்தம் வடிந்த தலையணை உறை ஒன்றை ஒருமுறை நேராக 60-ல் போட்டேன். ஓரத்தில் பழுப்பு வளையம் விழுந்தது. அதற்குப் பிறகு மூன்று முறை துவைத்தும் போகவில்லை. இவற்றை முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு நேர் எதிர்: சூட்டில் இளகித்தான் சோப்போடு வெளியேறும்.

படி 2: லேபிளைப் படியுங்கள்
தொட்டிப் படத்துக்குள் உள்ள எண்தான் அந்தத் துணி தாங்கும் உச்ச வெப்பம். கம்பளியில் கவனம் தேவை. அதன் இழைச் செதில்கள் சூட்டிலும் உருட்டலிலும் ஒன்றோடொன்று சிக்கி இறுகிவிடும்; சுருங்கியது திரும்பாது.

படி 3: எண்ணை வையுங்கள்
சாயத் துணிக்கு 30. அன்றாடத் துணிக்கு 40 போதும், இதுதான் என் பரிந்துரை. துண்டு, படுக்கை விரிப்புக்கு 60. தூசிப்பூச்சிகள் இந்தச் சூட்டில் சாகும். 90 தாங்குவது தடித்த வெள்ளைப் பருத்தி மட்டுமே.

மின்சாரக் கணக்கையும் பாருங்கள். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக ஏறத்தாழ 0.6 யூனிட் ஆகும். 40-ல் நிறுத்தினால் அதில் பாதிகூட ஆகாது.

படி 4: நீராவி
சில மெஷின்களில் இதற்கென்று தனிக் கொதிகலன் உண்டு. சிலவற்றில் தொட்டியடியில் கொஞ்சம் தண்ணீரைக் கொதிக்க வைப்பார்கள். ஒரு கிராம் தண்ணீரை 25-லிருந்து 100 டிகிரிக்கு ஏற்றத் தேவையானதைப்போல் 7 மடங்கு வெப்பம், அதை ஆவியாக்கத் தேவை. ஆவி துணியில் பட்டுத் திரும்ப நீராகும்போது அந்த வெப்பம் முழுவதையும் துணிக்கே கொடுத்துவிடுகிறது. ஈரமும் சூடும் சேர்ந்து பருத்தி இழையின் பிணைப்புகளைத் தளர்த்துவதால் சுருக்கம் விடுகிறது.

ஆனால் நீராவி அழுக்கை அடித்துக்கொண்டு போகாது. அதற்குத் தண்ணீரும் சோப்பும் வேண்டும். ஒரு தடவை போட்ட சட்டைக்கு நீராவி மட்டும் போதும். வியர்வை ஊறியதைத் துவைத்தே ஆகவேண்டும். முடிந்ததும் உடனே எடுத்து, தோள்பகுதியைப் பிடித்து இரண்டு உதறு உதறி மாட்டுங்கள். டிரம்முக்குள்ளேயே ஆறவிட்டால் புதுச் சுருக்கம் விழும்.

படி 5: ஹீட்டரைக் கவனியுங்கள்
உப்புத் தண்ணீர் என்றால் கம்பிமேல் வெள்ளைப் படிவு ஏறும், சூடாக நேரமாகும். கையேட்டில் சொன்ன இடைவெளியில், துணியில்லாமல், படிவு நீக்கும் தூளைப் போட்டு ஓட்டுங்கள். சூடான சுழற்சி முடிந்ததும் கதவு உடனே திறக்காவிட்டால் இழுக்காதீர்கள். உள்ளே சூடு தணிந்ததும் பூட்டு தானே விடும்.