12 துளை அச்சுத்தலையைக் கொண்டு வீட்டிலேயே பிசிபி அச்சிடும் முறை

பிசிபி என்பது மின்பாகங்களை இணைக்கும் செப்புத் தடங்கள் கொண்ட பலகை. அந்தத் தடங்களின் வடிவத்தைச் செப்புப் பலகையில் மையால் அச்சிட்டு, மற்ற செம்பைக் கரைத்து அதைச் செய்வோம். மை கக்கும் நுண்துளைகளை வீட்டில் துளைப்பது நடவாத காரியம் என்பதால், துளைகளைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கும் கார்ட்ரிட்ஜ் ஒன்றை வாங்கி, அதை இயக்கும் மின்சுற்றை மட்டும் நாமே கட்டுவோம். இதற்கு எச்பி சி6602ஏ மிகவும் ஏற்றது. ஒரு அங்குலத்துக்கு 96 புள்ளி என்ற இடைவெளியில் இதற்கு 12 துளைகள் உள்ளன. ஆகவே ஒருமுறை கடக்கும்போது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் அகலப் பட்டை அச்சாகும். ஒவ்வொரு துளைக்குப் பின்னாலும் சிறு ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு கணம் மின்சாரம் பாய்ந்தால் மை கொதித்து, உண்டாகும் ஆவிக்குமிழி ஒரு துளியை வெளியே தள்ளுகிறது.

முதலில் மல்ட்டிமீட்டரை எடுத்து, கார்ட்ரிட்ஜின் பொதுமுனைக்கும் மற்ற 12 முனைகளுக்கும் இடையே அளந்து பாருங்கள். ஒவ்வொன்றும் 65 ஓம் அளவில் காட்ட வேண்டும். பொதுமுனையை 20 வோல்ட்டுடன் இணையுங்கள். மற்ற முனைகளை, மின்சாரத்தைத் திறந்து மூடும் யுஎல்என்2803 சில்லின் வெளியீடுகளுடன் இணையுங்கள். ஒரு சில்லுக்கு 8 வழிகளே உள்ளதால் இரண்டு தேவைப்படும். அவற்றின் உள்ளீடுகளை ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையின் பின்களிலிருந்து (இணைப்பு முனைகளிலிருந்து) கொடுக்கலாம். ஆனால் 0, 1, 13 ஆகிய பின்களைத் தொடவே வேண்டாம். கணினியுடனான சீரியல் தொடர்பு ஓய்ந்திருக்கும்போது 0ஆம் பின்னும் 1ஆம் பின்னும் உயர்நிலையிலேயே நிற்கும். ஆர்டுயினோ தொடங்கும்போது 13ஆம் பின் மினுக்கும். என் முதல் கார்ட்ரிட்ஜில் ஒரு துளை இப்படித்தான் கருகிப்போனது.

ரெசிஸ்டரில் மின்சாரம் பாயும் துடிப்பின் நீளமே இந்த வேலையின் உயிர்நாடி. 20 வோல்ட்டில் ஏறத்தாழ 5 மைக்ரோநொடி போதும். அதே துளையை மீண்டும் சுடுவதற்கு முன் 800 மைக்ரோநொடி இடைவெளி விடுங்கள். பின்னை இயக்கும் வழக்கமான டிஜிட்டல்ரைட் கட்டளையே சில மைக்ரோநொடிகளை விழுங்கிவிடுவதால், பின்களின் நிலையை வைத்திருக்கும் போர்ட் பதிவேட்டில் நேரடியாக எழுதுங்கள். துடிப்பு முடியும்வரை, நிரலை இடைமறிக்கும் இன்டரப்டுகளை நிறுத்தி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு துளையை மட்டுமே சுடுங்கள்.

நாம் இருக்கும் யாங்கோனில் மின்சாரம் போவதும் வருவதும் அன்றாடம் என்பதால், 20 வோல்ட் வழியில் கைசுவிட்சு ஒன்றை வைத்து, ஆர்டுயினோ முழுவதும் தொடங்கிய பிறகே அதைப் போடுங்கள். வீட்டு இன்வெர்ட்டருக்கான 12 வோல்ட் பேட்டரியிலிருந்தே, வோல்ட்டை உயர்த்தும் மாட்யூல் ஒன்றின் வழியாக 20 வோல்ட் எடுத்துக்கொண்டால் இன்னும் நிம்மதி.

கார்ட்ரிட்ஜை நகர்த்துவதற்குப் பழைய பிரிண்டரின் தண்டும், சிறு சிறு படிகளாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டாரும் போதும். துளைக்கும் செப்புப் பலகைக்கும் இடையே 1 மில்லிமீட்டர் விட்டு, புள்ளிக்குப் புள்ளி 0.26 மில்லிமீட்டர் நகருமாறு அமையுங்கள். தொடக்கத்தில் 1 மில்லிமீட்டருக்குக் குறைந்த தடங்களை முயல வேண்டாம்.

செப்புப் பலகையை எஃகு நாரால் தேய்த்து, எண்ணெய்ப் பசை போக ஆல்கஹாலால் துடையுங்கள். இல்லையென்றால், தாமரை இலைத் தண்ணீர்போல மை உருண்டு திரளும். இது நீர் மை என்பதால், செம்பைக் கரைக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் அப்படியே கரைந்துவிடும். ஆகவே அச்சிட்ட ஈரம் காயுமுன், முகக்கவசம் அணிந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, லேசர் பிரிண்டரின் டோனர் பொடியை மேலே தூவுங்கள். பிறகு பலகையைச் சாய்த்து மெல்லத் தட்டினால், பொடி மை உள்ள இடத்தில் மட்டும் தங்கும். மழைக்காலத்தில் வெற்றுச் செம்பிலும் ஈரம் படிந்து பொடியைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், தூவும் முன் பலகையை இளஞ்சூட்டில் வைத்திருப்பது நல்லது.

அடுத்து, இஸ்திரிப்பெட்டியைத் தலைகீழாக அசையாமல் நிறுத்தி, அதன் அடித்தகட்டின்மேல் பலகையை, அச்சிட்ட பக்கம் மேலே இருக்குமாறு வையுங்கள். மங்கலான கரும்பொடி ஒரு மூலையிலிருந்து மெல்ல மெல்லப் பளபளக்கத் தொடங்கும். எல்லாத் தடங்களும் பளபளத்ததும் எடுத்து ஆறவிட்டு, தடத்தில் விட்டுப்போன இடங்களை அழியாத மை பேனாவால் (பெர்மனன்ட் மார்க்கர்) நிரப்பி, ஃபெரிக் குளோரைடில் இறக்குங்கள். வேண்டாத செம்பு முழுவதும் கரைந்த பிறகு தண்ணீரில் கழுவி, மீந்த டோனரை அசிட்டோனால் துடைத்தெடுங்கள்.